வாசகர் கேள்வி – பதில்: வாங்கனுய் ஆற்றில் துடுப்புப் பயணம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஓடும் வாங்கனுய் ஆற்றில் சிறுபடகில் துடுப்புப் போட்டுச் செல்லும் ஐந்து நாள் பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஆற்றைப் பற்றியே மேலும் மேலும் கேட்டிருந்தமையால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நடைப்பயணப் பாதைகளின் அரசுப் பட்டியலில் ஓர் ஆற்றைச் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆற்றில் எப்படி ஐயா நடப்பது? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நடப்பதற்கு வழியில்லை; துடுப்புதான் போட வேண்டும். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ‘பெருநடைகள்’ என்ற பெயரில் 11 நெடும்பாதைகளைப் பராமரித்து வருகிறது. அவற்றுள் பத்து, காலால் நடந்து செல்ல வேண்டியவை. எஞ்சிய ஒன்றுதான் வாங்கனுய். வழிநெடுகிலும் தங்கும் குடில்களையும் கூடார இடங்களையும் அமைத்து, முன்பதிவு செய்தவர்களை அனுமதிக்கும் அதே ஏற்பாடு இங்கும் இருப்பதால், நிர்வாக வசதிக்காக ஆற்றையும் நடையோடு சேர்த்துவிட்டார்கள்.

டோங்காரிரோ என்னும் எரிமலையின் சரிவுகளில் பிறக்கும் இந்த ஆறு, 290 கிலோமீட்டர் ஓடி, தன் பெயரையே கொண்ட வாங்கனுய் நகரத்தருகே டாஸ்மன் கடலில் கலக்கிறது. நீளத்தில் அந்நாட்டின் மூன்றாவது ஆறு. டரனாகி, டோங்காரிரோ என்ற இரு மலைகள் பிஹாங்கா என்ற பெண்மலையின் பொருட்டுப் போரிட்டன என்றும், தோற்ற டரனாகி மேற்குக் கடலோரத்துக்கு ஓடியபோது நிலத்தில் விழுந்த வடுவே இந்த ஆற்றின் பள்ளம் என்றும், அந்தக் காயம் ஆறுவதற்காக டோங்காரிரோ தன் பக்கத்திலிருந்து நீரை அனுப்பியது என்றும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொல்வார்கள்.

படகுப் பாதை தௌமருனுய் என்ற சிற்றூரில் தொடங்கி, பிப்பிரிகி என்ற சிற்றூரில் முடிகிறது. இடையிலுள்ள தொலைவு 145 கிலோமீட்டர். முதற்பகுதியில் ஆட்டு மந்தைகளும் புல்வெளிகளும் பண்ணை வீடுகளும் கரையிலே தெரியும். பிறகு கரைகள் உயர்ந்து, ‘பாப்பா’ என்று அங்கே அழைக்கப்படும் சாம்பல் நிற மென்களிப்பாறைச் சுவர்கள் இருபுறமும் எழும்பி, அவற்றின் மேல் பெரணி மரங்களும் பழங்காடும் படர்ந்திருக்கும். இந்தக் காட்டுப் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கேள்வி: நானும் என் கணவரும் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை. மூன்று நாள் பயணம், ஐந்து நாள் பயணம் என இரண்டு இருப்பதாக அறிகிறோம். எங்களுக்கு எது ஏற்றது? – ஒரு வாசகி, ஆக்லாந்து

உங்கள் ஊரிலிருந்து தௌமருனுய் செல்லக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், இந்தக் கேள்விக்கு விடை தேடும் உரிமை மற்ற வாசகர்களைவிட உங்களுக்கே அதிகம். கூர்ந்து சொல்கிறேன்.

ஐந்து நாள் பயணத்தின் முதல் நாள், தௌமருனுயிலிருந்து ஓஹினேபானே கூடார இடம் வரை 22 கிலோமீட்டர். இரண்டாம் நாள் அங்கிருந்து வாகஹோரோ வரை 35 கிலோமீட்டர். மூன்றாம் நாள் வாகஹோரோவிலிருந்து ஜான் கூல் குடில் வரை ஏறத்தாழ 37 கிலோமீட்டர்; இதுவே நீண்ட நாள். நான்காம் நாள் தியேகே வரை 29 கிலோமீட்டர். கடைசி நாளில் பிப்பிரிகி சேர இன்னும் 21 கிலோமீட்டர் போல இருக்கும். மூன்று நாள் பயணம் என்பது முதல் இரண்டு நாட்களையும் விட்டுவிட்டு, மண்சாலை வழியாக வாகஹோரோவுக்கு வண்டியில் போய் அங்கே படகில் ஏறுவதாகும். தொலைவு 87 கிலோமீட்டர்.

பெரும்பாலோர் மூன்று நாளையே தேர்ந்தெடுக்கிறார்கள். காடும் பள்ளத்தாக்கும் வாகஹோரோவுக்குக் கீழேதான் இருக்கின்றன, பண்ணை நிலத்தைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் எதற்கு என்பது அவர்களுடைய வாதம். விடுமுறை கிடைக்காதவர்களுக்கு அது நியாயமான வாதம்தான். ஆனால், துடுப்பையே தொட்டிராத உங்களுக்கு நான் ஐந்து நாளையே பரிந்துரைப்பேன். மேற்பகுதியில் ஆறு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிறது. நீர் சரிந்து வேகமாகப் பாயும் சிறுசிறு விரைவோட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றில் தவறினாலும் இடுப்பளவு நீரில் எழுந்து நின்று, படகைக் கரைக்கு இழுத்து, உள்ளே புகுந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இரண்டு நாள் இப்படிப் பழகியவர்கள், பாறைச் சுவர்களுக்கிடையே கரையேற இடமே இல்லாத நீட்சிகளுக்கு வரும்போது ஓரளவு கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள். மூன்று நாள் பயணிகள் முதல் நாள் காலையிலேயே அங்கே இறங்கி, அன்றைக்கே 37 கிலோமீட்டரையும் கடக்க வேண்டியிருக்கிறது.

மேற்பகுதியில் பார்க்க ஒன்றுமில்லை என்பதும் உண்மையன்று. ஓஹூரா ஆறு வந்து கலக்கும் மரேகோஃபாய் என்ற இடத்தில், 1860-களின் பாய் மாரிரே சமய இயக்கத்தார் நட்ட இரு கம்பங்கள் நிற்கின்றன. ஒன்று போருக்கானது, மற்றொன்று அமைதிக்கானது. படகைக் கட்டிவிட்டுக் கரையேறிப் பார்க்கலாம். அதை விட்டுவிட்டுப் போகிறவர்கள், இந்த ஆற்றின் வரலாற்றில் பாதியைப் படிக்காமலே பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பருவத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் தொடங்கி ஏப்ரல் இறுதி வரை பயணக் காலம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் வெதுவெதுப்பாகவும் கரைகள் அமைதியாகவும் இருக்கும். நீர்மட்டம் குறைந்தால் மேற்பகுதியில் கூழாங்கல் மேட்டில் படகு தட்டி நிற்பதும் அப்போதுதான்.

கேள்வி: கனூ, கயாக் இரண்டில் எதை வாடகைக்கு எடுப்பது? – ஒரு வாசகர், சிங்கப்பூர்

இருவராகச் சென்றால் திறந்த கனூவே வசதி. கூடாரம், உறங்குபை, ஐந்து நாள் உணவு, அடுப்பு ஆகியவை அனைத்தும் மூடியிட்ட பிளாஸ்டிக் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு நடுவில் கட்டப்படும். கனூ அவ்வளவு சுமையையும் தாங்கும். மேற்புறம் மூடிய கயாக்கில் உள்ளறைகள் சிறியவை என்பதால் தேர்ந்தெடுத்த பொருள்களை மட்டுமே எடுத்துச் செல்ல முடியும், ஆனால் தனியாகப் பயணம் செய்பவருக்கு அதுவே நல்லது. எதிர்க்காற்றிலும் அது எளிதில் திசைமாறாது.

கனூவில் முன்னே, அதாவது அணியத்தில் அமர்பவர் வேகத்தைத் தருகிறார், பாறைகளைப் பார்த்துச் சொல்கிறார். பின்னே அமரத்தில் அமர்பவர் திசையைத் தீர்மானிக்கிறார். எடை கூடியவரும் பொறுமை கூடியவரும் ஒருவரேயாக இருந்தால் அவரைப் பின்னே அமர்த்துங்கள். அப்படி அமையாத தம்பதியர் முதல் நாள் மாலைக்குள் இடம் மாற்றிக்கொள்வது வழக்கம்.

கேள்வி: எனக்கு நீச்சல் சுமாராகத்தான் தெரியும். இருநூறுக்கு மேல் விரைவோட்டங்கள் உண்டு என்று கேள்விப்பட்டதும் என் மகள் என்னைப் போகவே கூடாது என்கிறாள். உண்மையில் ஆபத்து எவ்வளவு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மெல்போர்ன்

எண்ணிக்கை பொய்யில்லை. ஆற்றின் வழியில் பெயர் சூட்டப்பட்ட விரைவோட்டங்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை, நீர் சலசலத்துச் சற்றே சரியும் இடங்கள்தான். உலக அளவில் விரைவோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். வாங்கனுயின் படகுப் பாதையில் வழக்கமான நீர்மட்டத்தில் உள்ளவை முதல் தரமும் இரண்டாம் தரமும் மட்டுமே. படகைக் கவிழ்ப்பதில் பேர் பெற்றவை கடைசி நாளில் காத்திருக்கின்றன: ங்காபோரோ, ஔடபு. பின்னதற்குப் படகோட்டிகள் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கவிழ்வதற்கும் கவிழாமல் தப்புவதற்கும் சரிபாதி வாய்ப்பு என்பது அதன் கருத்து. இரண்டின் முடிவிலும் ஆழமான அமைதி நீர் இருப்பதால், கவிழ்ந்தவர்கள் நனைந்து, சிரித்து, கரையேறிவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து விரைவோட்டத்தில் இல்லை, மழையில் இருக்கிறது. மலையில் பெய்யும் கனமழை, செங்குத்தான கரைகளின் வழியாக உடனே ஆற்றில் இறங்குவதால், ஓரிரவிலேயே நீர்மட்டம் பல மீட்டர் உயர்ந்துவிடும். வெள்ளத்தில் விரைவோட்டங்கள் மூழ்கிக் காணாமல்போகும். அவற்றுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத சுழல்களும் கீழிருந்து பொங்கும் நீரும் மிதந்துவரும் மரங்களும் வந்துசேரும். ஆகவே நீர் ஏறிக்கொண்டிருந்தால் குடிலிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்கு உணவும் மனமும் வேண்டும். விமானச் சீட்டை மறுநாளுக்கு எடுத்து வைத்திருப்பவர்கள்தான் அவசரப்பட்டு ஆற்றில் இறங்குகிறார்கள். வாடகைப் படகுக்காரர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், அவருடன் வாதாடாதீர்கள்.

கூடார இடங்கள் ஆற்றிலிருந்து வெகு உயரத்தில் அமைந்திருப்பதைப் பார்த்துச் சிலர் எரிச்சலடைவதுண்டு. வழுக்கும் களிமண் படிகளில் பீப்பாய்களைச் சுமந்து ஏறுவது மாலை நேரத்தில் இனிய வேலையன்று. வெள்ளத்துக்கு எட்டாத உயரம் அது. படகையும் அதே எண்ணத்தோடு முடிந்த மட்டும் மேலே இழுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, உறுதியான மரத்தில் கட்டிவிட்டுத்தான் உறங்கப் போக வேண்டும்.

ஆற்றை வாசிப்பதற்குச் சில அடிப்படைகளை உங்கள் மகளிடமும் சொல்லிவையுங்கள். விரைவோட்டத்தின் தலைப்பில் நின்று பார்த்தால், வழுவழுப்பான நீர் முக்கோண வடிவில், கூர்முனை நீரோட்டத் திசையை நோக்கி இறங்குவது தெரியும். அதுவே ஆழமான வழி, படகை அதன் நடுவில் செலுத்த வேண்டும். கூர்முனை உங்களை நோக்கி இருந்தால், அங்கே நீருக்கடியில் பாறை இருக்கிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுக்கே நீர் இழுக்கும். விழுந்த மரங்களும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும், ஆகவே உள்வளைவின் பக்கம் சாய்ந்தே செல்ல வேண்டும். மரக்கிளைகளின் ஊடே நீர் மட்டும் போகும், மனிதர் போக முடியாது என்பதால், பாறையைவிட மரம் கொடியது. படகு ஏதேனும் பாறையில் பக்கவாட்டில் மோதினால் உடல் இயல்பாகவே எதிர்ப்புறம் சாயும். சாய்ந்தால் படகில் நீர் புகுந்து கவிழும். பாறையைக் கட்டியணைக்கப் போவதுபோல அதன் பக்கமே சாய வேண்டும். கவிழ்ந்துவிட்டால், நீரோட்டத்தில் படகுக்கு முன்னால் நில்லாமல் பின்னால் ஒதுங்கி, மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்தபடியே அமைதி நீருக்கு வர வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்று பாறையிடுக்கில் கால் சிக்கினால் அது உயிருக்கே கேடாகும்.

உயிர்காப்பு மேலங்கியை அணிந்து, வார்களை இறுக்கி, கழற்றாமல் இருந்தால் சுமாரான நீச்சல் போதும். தனியாக மட்டும் போகாதீர்கள். வழிகாட்டியுடன் செல்லும் குழுக்கள் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்கள் அவற்றில் ஏராளமாகச் செல்கிறார்கள். வழியில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால் ஆபத்தில் உதவி கோரிக் குறிப்பலை அனுப்பும் அவசரக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இந்த ஆற்றைச் சட்டம் ஒரு மனிதராக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் படகில் செல்ல ஆற்றிடம் அனுமதி வாங்க வேண்டுமா? – சட்டக் கல்லூரி மாணவி, சென்னை

கேலியாகக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் ‘தே அவா துபுவா’ சட்டத்தை நிறைவேற்றியது. மலையிலிருந்து கடல் வரை, ஆறும் அதன் கிளைகளும் அதன் புலப்படும் கூறுகளும் புலப்படாத கூறுகளும் சேர்ந்த, பிரிக்க முடியாத ஓர் உயிருள்ள முழுமையாக அது இந்த ஆற்றை வரையறுக்கிறது. சட்டத்தின் கண்ணில் ஒரு நபருக்கு உள்ள உரிமைகளும் கடமைகளும் அந்த முழுமைக்கு உண்டு. மனிதர் என்று சொல்வதைவிடச் சட்ட நபர் என்று சொல்வதே துல்லியம். நம் நாட்டில் கோயில் தெய்வம் வழக்குத் தொடுக்கவும் சொத்து வைத்திருக்கவும் தகுதியுடைய சட்ட நபராகக் கருதப்படுவதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆற்றின் சார்பில் பேசுவதற்கு இருவர் நியமிக்கப்படுகிறார்கள். ஒருவரை அரசும், மற்றொருவரை ஆற்றோடு உறவுகொண்ட மாவோரி இனக்குழுக்களும் முன்மொழிகிறார்கள். இருவரும் சேர்ந்தது ‘தே போ துபுவா’ என்ற பதவி. இழப்பீடாக 8 கோடி நியூசிலாந்து டாலரும், ஆற்றின் நலனுக்கான நிதியாக 3 கோடி டாலரும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன.

இச்சட்டத்தை நவீனச் சூழலியலின் புதுமையாக மட்டும் படிப்பது போதாது. ஆற்றின் மீதான தங்கள் உரிமையை வாங்கனுய் மாவோரி மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மனுக்களில் வலியுறுத்தி வந்தார்கள். ஆற்றுப்படுகை தங்களுடையது என்று 1938-இல் அவர்கள் தொடுத்த வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 1962-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. மாவோரி மக்களின் குறைகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 1999-இல் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஏற்று அறிக்கை தந்தது. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘நானே ஆறு, ஆறே நான்’ என்று அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கூற்றுக்கு ஏற்ற சட்ட வடிவத்தைத் தேடியபோதுதான், யாருக்கு உடைமை என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, ஆறு தனக்கே உரியது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இனி உங்கள் கேள்வி. பொதுமக்கள் படகோட்டுவதற்கும் பொழுதுபோக்குக்கும் ஏற்கெனவே இருந்த உரிமைகளைச் சட்டம் பறிக்கவில்லை. நீங்கள் பெற வேண்டியது குடிலுக்கும் கூடார இடத்துக்குமான முன்பதிவு மட்டுமே. இச்சட்டம் வந்த சில நாட்களுக்குள், 2017 மார்ச் 20 அன்று, உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்களாக அறிவித்ததையும், அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் ஒப்பிட்டு எழுதிப் பாருங்கள். வாங்கனுயில் ஆற்றோடு வாழும் மக்களுடன் பல்லாண்டுப் பேச்சுவார்த்தை நடந்து, பொறுப்பாளர் யார், நிதி எங்கிருந்து, கடமை என்ன என்பவையெல்லாம் தீர்மானமான பிறகே சட்ட நபர் என்ற பெயர் சூட்டப்பட்டது. கங்கையிலோ பெயர் முதலில் வந்தது. வெள்ளத்தால் சேதம் வந்தால் ஆற்றின் சார்பில் யார் இழப்பீடு தருவது என்ற கேள்வியிலேயே அது தடுக்கி நின்றுவிட்டது.

கேள்வி: தியேகேவில் தங்க முன்பதிவு செய்திருக்கிறோம். அங்கே மாவோரி வரவேற்புச் சடங்கு நடக்கும் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகி, வெலிங்டன்

தியேகே பழைய மாவோரிக் குடியிருப்பு. தங்கள் முன்னோர் வாழ்ந்த இந்த இடத்தில் 1993-இல் அம்மக்கள் திரும்பக் குடியேறினார்கள்; இப்போது பயணிகள் குடிலாகவும் அவர்களுடைய மராயேயாகவும், அதாவது ஊர்மன்றமாகவும், அது ஒருசேர விளங்குகிறது. பெருநடைக் குடில்களில் இத்தகையது இது ஒன்றே.

அவர்கள் இருக்கும் நாளில் நீங்கள் சென்றால், படகிலிருந்து ஏறியதும் நேரே உள்ளே நுழைந்துவிடாமல், அழைப்புக் குரல் வரும் வரை நுழைவிடத்தில் கூடி நிற்க வேண்டும். வயது மூத்த பெண்ணொருவர் பாட்டின் தொனியில் அழைப்பார். உரை நிகழும், உங்கள் தரப்பிலிருந்தும் ஒருவர் சில வார்த்தை பேசி, ஒரு பாட்டைப் பாட வேண்டும். அதன் பின்னர் மூக்கோடு மூக்கு தொட்டு முகமன் கூறுவார்கள். கடைசியில் உணவு. பாட்டு என்றதும் பலர் கூச்சப்பட்டு, அரைகுறையாகத் தெரிந்த ஏதோ ஓர் ஆங்கிலப் பாடலை முணுமுணுக்கிறார்கள். தமிழில் ஒரு தாலாட்டையோ நடவுப் பாட்டையோ முதல் நாளே பேசிவைத்து எல்லாரும் சேர்ந்து பாடுங்கள், கேட்பவர்கள் மகிழ்வார்கள். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது, உணவு வைக்கும் மேசையில் உட்காராமலிருப்பது, மதுவை வெளியே எடுக்காமலிருப்பது ஆகியவை நமக்குப் புதியன அல்ல. அன்பளிப்பாக ஒரு தொகையைத் தருவதும் முறை.

கேள்வி: காட்டுக்கு நடுவே எங்கேயும் போகாத பாலம் ஒன்று இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். அதை ஏன் கட்டினார்கள்? – ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

போகும் என்ற நம்பிக்கையில்தான் கட்டினார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு நிலம் தருவதற்காக மங்காபுருவா பள்ளத்தாக்கை அரசு 1917-இல் திறந்துவிட்டது. காட்டை வெட்டி எரித்து, புல் விதைத்து, ஆடு மாடு வளர்க்க முயன்ற குடும்பங்களுக்குச் செங்குத்தான நிலமும் மண்சரிவும் வீழ்ந்த விலையும் சாலையின்மையும் சேர்ந்தே எதிரியாயின. ஆற்றில் வரும் நீராவிப் படகு ஒன்றே அவர்களுக்கு வெளியுலகத் தொடர்பு. உறுதியான காங்கிரீட் பாலம் 1936-இல் கட்டி முடிக்கப்பட்டபோது பெரும்பாலோர் வெளியேறிவிட்டிருந்தார்கள். 1942-இல் வெள்ளம் சாலையை அரித்தபின், இனிமேல் அதைப் பழுதுபார்ப்பதில்லை என்று அரசு முடிவெடுத்தது. எஞ்சியிருந்த சில குடும்பங்களும் கிளம்பின. காடு மறுபடி மூடிக்கொண்டது.

நான்காம் நாள் வழியில் மங்காபுருவா துறையில் படகைக் கட்டிவிட்டு 40 நிமிடம் நடந்தால் பாலத்தை அடையலாம். நிலச்சீர்திருத்தமோ குடியேற்றத் திட்டமோ வகுக்கும் அலுவலர்களை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: எங்கள் வாவியில் கூடு வைத்தும் கட்டு வலை போட்டும் மீன் பிடிப்போம். அந்த ஆற்றிலும் விலாங்கு பிடிக்கும் அணைகள் இருந்தன என்று வாசித்தேன். இப்போதும் உண்டா? – ஒரு வாசகர், மட்டக்களப்பு

இருந்தன; ஆற்று நீரோட்டத்தைத் துல்லியமாக அறிந்தவர்களின் கைவேலை அது. மரக்கழிகளை ஆற்றுப்படுகையில் அறைந்து நீண்ட வேலிகளாக நிறுத்தி, வெள்ளம் பெருகும் இரவுகளில் கடலை நோக்கி இறங்கும் விலாங்குகளை ஒரு முனைக்கு ஒதுக்கி, அங்கே கட்டிய வலையின் வழியாகக் கூடைப்பொறிக்குள் விழச் செய்வார்கள். கற்களைப் பற்றி மேலேறும் இன்னொரு வகை மீனுக்கு வேறு வடிவ வேலி உண்டு. ஒவ்வொரு விரைவோட்டத்துக்கும் பெயரும், ஒவ்வோர் அணைக்கும் உரிய குடும்பமும் இருந்தன.

1891-இல் ஆற்றைப் போக்குவரத்துக்குச் சீரமைக்க ஓர் அறக்கட்டளை சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து ஹாட்ரிக் என்ற வணிகரின் நீராவிப் படகுகள் பிப்பிரிகி வரை ஓடின. பிறகு தௌமருனுய் வரையிலும் நீண்டன. ‘நியூசிலாந்தின் ரைன்’ என்று விளம்பரம் செய்து உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகளை வரவழைத்தார்கள். படகுகளுக்கு வழிவிடுவதற்காகப் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மக்கள் எதிர்த்தும் கேளாமல் அணைகள் பிடுங்கப்பட்டன. பின்னாளில் எழுந்த வழக்குகளின் வேர்களுள் இதுவும் ஒன்று.

1971-இல் மற்றொரு மாற்றம். டோங்காரிரோ நீர்மின் திட்டத்துக்காக ஆற்றின் தலைப்பகுதிக் கிளைகளின் நீர் வேறு வடிநிலத்துக்குத் திருப்பப்பட்டது. அந்த நீர் இப்போது டௌபோ ஏரி வழியாக வைகாடோ ஆற்றில் சேர்கிறது. கோடையில் மேற்பகுதியில் படகு தட்டும் ஒவ்வொரு கூழாங்கல் மேட்டுக்கும் அத்திட்டத்தையே காரணமாகச் சொல்ல முடியாது. ஆயினும் தலையில் நீர் குறைந்த ஆற்றில்தான் இன்றைய பயணிகள் செல்கிறார்கள் என்பதை அறிந்து செல்வது நல்லது. விலாங்குகள் இன்றும் இருக்கின்றன, பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பேரணைகள்தான் அருகிவிட்டன.

கேள்வி: சோறில்லாமல் ஐந்து நாள் எங்களால் முடியாது. சமைக்க முடியுமா? குடிநீர், கழிப்பறை எப்படி? – ஒரு குடும்பம், டொரோண்டோ

தாராளமாகச் சமைக்கலாம். முதுகில் சுமக்கும் மலைநடையைவிடப் படகில் எடை ஒரு பொருட்டன்று என்பதால் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, ஊறுகாய் எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். விறகு கிடைக்கும் என்று நம்பாமல் எரிவாயு அடுப்பை உடன் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு நாளின் உணவையும் தனிப் பையில் கட்டி, முதல் நாளுக்குரியதைப் பீப்பாயின் மேலே வைத்தால் மாலையில் எல்லாவற்றையும் கொட்டித் தேட வேண்டியதில்லை. பீப்பாய் மூடியை இரவிலும் இறுக்கி வையுங்கள். இல்லையெனில் எலியும் பொஸம் என்ற மரவிலங்கும் உங்கள் அரிசியைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

குடில்களிலும் கூடார இடங்களிலும் கழிப்பறையும் மழைநீர்த் தொட்டியும் உண்டு. அந்நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். குப்பை அனைத்தையும் பிப்பிரிகி வரை திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உங்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. பயன்படுத்திய கூடாரம், சேறு படிந்த காலணி, உணவுப் பொருள்கள் அனைத்தையும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். வீட்டு மசாலாப் பொடியைச் சொல்லாமல் மறைத்து அபராதம் கட்டியவர்கள் உண்டு. டிடிமோ என்ற நீர்ப்பாசி 2004 முதல் தெற்குத் தீவின் ஆறுகளைப் பாழாக்கி வருகிறது. அத்தீவில் ஆற்றில் இறங்கிவிட்டு வடக்கே வருபவர்கள், நனைந்த பொருள்களைக் கழுவி முற்றிலும் உலர்த்திய பின்னரே வாங்கனுயில் இறங்க வேண்டும்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோருடன் வருகிறோம், கையில் ஒரே நாள்தான். ஆற்றைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதானா? – ஒரு வாசகர், லண்டன்

வேண்டியதில்லை. பிப்பிரிகியிலிருந்து வேகப்படகுகள் மேலேறி மங்காபுருவா துறை வரை செல்கின்றன. பாலத்துக்கு நடக்க முடிந்தால் நடக்கலாம், முடியாவிட்டால் துறையிலேயே அமர்ந்திருக்கலாம். உங்களில் இளையவர்கள் திரும்பும் வழியில் ஒரு பகுதியைக் கனூவில் கடக்கும் ஏற்பாடும் உண்டு. துடுப்புப் போடும்போது வேகப்படகின் ஓசை கேட்டால் ஆற்றின் வலப்பக்கம் ஒதுங்கி, அதன் அலைக்கு நேராக முனையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அதுவும் கடினமென்றால், வாங்கனுய் நகரத்திலிருந்து பிப்பிரிகிக்கு ஆற்றோரமாகவே வரும் சாலையில் காரில் செல்லுங்கள். 1934-இல் திறக்கப்பட்ட அச்சாலையில் ஆதேனே, கொரினிதி, ரானானா, ஹிருஹாராமா என்ற சிற்றூர்கள் வரும். ஏதென்ஸ், கொரிந்து, லண்டன், எருசலேம் ஆகியவற்றின் மாவோரி வடிவங்கள் அவை, ரிச்சர்ட் டெய்லர் என்ற மறைப்பணியாளர் சூட்டியவை. லண்டனிலிருந்து வரும் நீங்கள் ரானானாவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். 1899-இல் கட்டப்பட்ட வைமாரியே என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் வாங்கனுய் நகரத்தில் இருக்கிறது. 1952-இல் துறையிலேயே மூழ்கி, 1993-இல் சேற்றிலிருந்து தூக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2000 முதல் மறுபடி ஆற்றில் ஓடத் தொடங்கியது. அது எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால், ஓடும் நாளை விசாரித்துக்கொண்டு உங்கள் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.